பைட் இடைமுகத்தை விலக்கி யூனிகோடுக்கு மாறுதல்: பைத்தான் லைப்ரரி பராமரிப்பவர்களுக்கு முழுமையான வழிகாட்டி

உங்கள் லைப்ரரியில் உரையைக் கையாளும் ஃபங்ஷன்கள் பைட்ஸ் வாங்கி, பைட்ஸையே திருப்பித் தருகின்றன. அவற்றை யூனிகோட் ஸ்ட்ரிங்குக்கு மாற்ற வேண்டும். ஆனால் ஏற்கெனவே அதை நம்பி எழுதப்பட்ட நிரல்கள் ஒரே நாளில் உடைந்துவிடக் கூடாது. இந்த வேலையை எந்த வரிசையில் செய்வது, எந்த இடத்தில் புதியவர்கள் தடுக்கி விழுகிறார்கள் என்பதை இங்கே படிப்படியாகப் பார்ப்போம்.

வரிசைக்கு இவ்வளவு அழுத்தம் கொடுக்கக் காரணம் உண்டு. பலர் முதலில் “பழைய வழி இனி வேண்டாம்” என்ற எச்சரிக்கையைப் போட்டுவிடுகிறார்கள், மாற்று வழியை அடுத்த பதிப்பில்தான் தருகிறார்கள். இடைப்பட்ட காலத்தில் பயனர் எச்சரிக்கையை அடக்கி வைக்கப் பழகிவிடுகிறார். பிறகு நீங்கள் என்ன சொன்னாலும் அவர் காதில் விழாது.

பைத்தான் 3-இல் உரைக்கான வகையைக் கீழே ஸ்ட்ரிங் என்றும், பைட்டுகளுக்கான வகையை பைட்ஸ் என்றும் எழுதியிருக்கிறேன். ஸ்ட்ரிங்கை பைட்ஸாக்குவது என்கோட், பைட்ஸை ஸ்ட்ரிங்காக்குவது டீகோட், அதற்கான விதி என்கோடிங். யூடிஎஃப்-8 அப்படி ஒரு என்கோடிங். டெப்ரிகேட் செய்வது என்றால், பிறகு நீக்கப்போகும் ஒன்றை “இனி பயன்படுத்தாதீர்கள்” என்று அறிவிப்பது.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

பைத்தான் 3.10 அல்லது அதற்குப் பிந்தைய பதிப்பு ஒன்றில் உங்கள் டெஸ்டுகள் ஓட வேண்டும். படி 3-இல் வரும் என்கோடிங் எச்சரிக்கை அந்தப் பதிப்பில்தான் வந்தது. மைபை, பைரைட் போன்ற டைப் செக்கர் ஒன்றும் வேண்டும். ஸ்ட்ரிங்கும் பைட்ஸும் கலக்கும் இடங்களில் பாதியை ஓட்டிப் பார்க்காமலே அது காட்டிக்கொடுத்துவிடும்.

இவற்றைவிட முக்கியம் டெஸ்ட் தரவு. ஆங்கில எழுத்துகளை மட்டும் வைத்துச் சோதித்தால் எல்லாமே சரியாகத்தான் தெரியும், ஏனென்றால் ஆஸ்கி என்ற அடிப்படை ஆங்கிலக் குறித்தொகுப்புக்குள் ஒரு எழுத்துக்கு ஒரு பைட். நீளமும் வெட்டும் இடமும் இரண்டு வகையிலும் ஒன்றாகவே வரும். அதனால் கீழ்க்கண்டவற்றை ஒரு ஃபைலில் சேர்த்து வையுங்கள்.

“தமிழ்” என்ற சொல். நாம் பார்ப்பது 3 எழுத்து. யூனிகோட் கணக்கில் த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என 5 குறியீட்டுப் புள்ளிகள். யூடிஎஃப்-8 கணக்கில் 15 பைட். ஒரே சொல்லுக்கு மூன்று நீளம் வருவதால், எந்தக் கணக்கை எங்கே குழப்பியிருந்தாலும் இது பிடித்துக்கொடுக்கும்.

“கொ” என்ற எழுத்தின் இரண்டு வடிவங்கள். ககரத்தோடு ஒகரக் குறியை ஒரே புள்ளியாகச் சேர்த்தால் 6 பைட். எகரக் குறி, கால் என இரண்டாகப் பிரித்துச் சேர்த்தால் 9 பைட். திரையில் இரண்டும் ஒன்றே. ஒப்பிட்டால் வேறு வேறு.

ஒரு எமோஜி, அதாவது 4 பைட் பிடிக்கும் குறி. 255 என்ற ஒற்றை பைட், இது எந்த யூடிஎஃப்-8 உரையிலும் வரவே முடியாது. கடைசியாக, 239, 187, 191 என்ற மூன்று பைட்டுகளோடு தொடங்கும் ஒரு சிஎஸ்வி ஃபைல். பிஓஎம் எனப்படும் இந்தத் தொடக்கக் குறியோடு வரும் ஃபைல்கள் எக்ஸெலிலிருந்து நிறையவே வருகின்றன.

2. உரை எது, பைட் எது என்று பிரித்துப் பட்டியலிடுங்கள்

வெளியாருக்குத் திறந்திருக்கும் ஒவ்வொரு ஃபங்ஷனையும் அதன் ஒவ்வொரு ஆர்க்யுமெண்டையும் எடுத்து, மூன்று வகையாகப் பிரியுங்கள். இந்தப் பட்டியல் முடியாமல் ஒரு வரி நிரலையும் மாற்ற வேண்டாம்.

முதல் வகை, மனிதர் படிக்கும் உரை: பெயர், தலைப்பு, செய்தி, தேடல் சொல். இவை ஸ்ட்ரிங் ஆக வேண்டும்.

இரண்டாவது வகை, உண்மையிலேயே பைட்டுகள்: படம், சுருக்கிய தரவு, டிஜிட்டல் கையொப்பம், ஹாஷ், சாக்கெட்டில் போகும் பாக்கெட். இவற்றைத் தொடாதீர்கள். “எல்லாம் யூனிகோட்” என்ற உற்சாகத்தில் இவற்றுக்கும் ஸ்ட்ரிங் வாங்கத் தொடங்கினால், என்கோடிங் என்ற புதிய குழப்பத்தை அது இல்லாத இடத்தில் கொண்டுவந்து வைப்பீர்கள்.

மூன்றாவது வகைதான் தலைவலி. ஃபைல் பெயர், சூழல் மாறி, எச்டிடிபி ஹெடர் போன்றவை உரை போலத் தெரியும், ஆனால் அடியில் பைட்டுகள். லினக்ஸில் ஃபைல் பெயர் என்பது சாய்கோடும் சுழிய பைட்டும் தவிர எந்த பைட்டும் வரக்கூடிய வரிசை. அது செல்லுபடியான யூடிஎஃப்-8 ஆக இருக்கும் என்பதற்கு உத்தரவாதம் கிடையாது.

இந்த வகையில் அவசரப்பட்டால் என்ன ஆகும் என்பதற்கு பைத்தானே சாட்சி. 3.3-இல், விண்டோஸில் ஃபைல் பெயரை பைட்ஸாகக் கொடுப்பதை டெப்ரிகேட் செய்தார்கள். அப்போது அந்த பைட்டுகள் விண்டோஸின் பழைய ஆன்சி அழைப்புகளுக்குப் போயின. அந்தக் கணினியின் கோட் பேஜில், அதாவது அதன் மொழிக்கான பழைய எழுத்து அட்டவணையில், இல்லாத எழுத்தெல்லாம் கேள்விக்குறியாகத் திரும்பி வந்தது. தமிழுக்கு விண்டோஸில் ஆன்சி கோட் பேஜே கிடையாது என்பதால், தமிழில் பெயரிட்ட ஃபைலை அந்த வழியில் திறக்கவே முடியாது. நோய் உண்மையானதுதான். ஆனால் லினக்ஸில் பைட்ஸ் பாதையை நம்பி எழுதிய நிரல்கள் விண்டோஸிலும் ஓட வேண்டியிருந்தது. கடைசியில் 3.6-இல் பெப் 529 (பெப் என்பது பைத்தான் மாற்றங்களுக்கான முன்மொழிவு ஆவணம்) வழியாக, விண்டோஸில் பைட்ஸ் பாதையை யூடிஎஃப்-8 என்றே வாசிப்பது என்று முடிவு செய்து, டெப்ரிகேஷனைத் திரும்பப் பெற்றார்கள். பைட்ஸை விலக்காமலே நோய் தீர்ந்தது. உங்கள் பட்டியலிலும் இந்தக் கேள்வியைக் கேளுங்கள்: சிக்கல் பைட்ஸிலா, அதன் என்கோடிங் தெரியாமல் இருப்பதிலா?

என்கோடிங்கைத் தனக்குள்ளேயே சொல்லிக்கொள்ளும் வடிவங்களும் உண்டு. எக்ஸ்எம்எல் ஃபைலின் முதல் வரியிலேயே என்கோடிங் இருக்கும். அதை முன்கூட்டியே டீகோட் செய்து ஸ்ட்ரிங்காகக் கொடுத்தால், எல்எக்ஸ்எம்எல் லைப்ரரி வேல்யூ எரர் எழுப்பி, பைட்ஸாகக் கொடுக்கச் சொல்லும். அது சரியான நடத்தை. ஜேசான் வாசிக்கும் லோட்ஸ் ஃபங்ஷனும் 3.6 முதல் பைட்ஸை ஏற்கிறது, ஏனென்றால் அது யூடிஎஃப்-8, 16, 32 ஆகியவற்றில் எது என்று தொடக்க பைட்டுகளிலிருந்து கண்டுபிடிக்க முடியும். இப்படிப்பட்ட பார்சர் உங்களிடம் இருந்தால் இரண்டு வகையையும் ஏற்கட்டும்.

3. என்கோடிங்கை நீங்களே முடிவு செய்யுங்கள், சூழலிடம் விடாதீர்கள்

முதல் வகையில் சேர்த்த ஒவ்வொன்றுக்கும் “இந்த பைட்டுகள் எந்த என்கோடிங்?” என்பதற்குப் பதில் எழுதி வையுங்கள். பதில் பெரும்பாலும் யூடிஎஃப்-8 ஆகத்தான் இருக்கும். ஆனால் அதை நிரலில் எழுத வேண்டும்.

ஓபன் ஃபங்ஷனில் என்கோடிங் குறிப்பிடாவிட்டால், 3.14 வரையிலான பதிப்புகளில் பைத்தான் கணினியின் மொழி அமைப்பைப் பார்க்கும். லினக்ஸில் அது பெரும்பாலும் யூடிஎஃப்-8. இந்தியாவில் விற்கும் விண்டோஸ் கணினியில் வழக்கமாக 1252 என்ற மேற்கு ஐரோப்பிய கோட் பேஜ். உங்கள் கணினியில் ஓடும் நிரல் பயனரின் கணினியில் தமிழை எழுதும்போது யூனிகோட் என்கோட் எரர் தந்து நிற்பது இதனால்தான். 3.15 முதல் யூடிஎஃப்-8 தான் இயல்புநிலை என்று பெப் 686 முடிவு செய்திருக்கிறது. ஆனாலும் பழைய பதிப்புகளில் ஓடும் பயனர்கள் பல வருடம் இருப்பார்கள்.

இப்படி விட்டுப்போன இடங்களைக் கண்டுபிடிக்க, 3.10-இல் வந்த என்கோடிங் வார்னிங்கைப் பயன்படுத்துங்கள். அது இயல்பாக அணைந்திருக்கும். பைத்தானை ஓட்டும்போது பெரிய எழுத்து எக்ஸ் கொடியோடு “வார்ன்_டிஃபால்ட்_என்கோடிங்” கொடுத்தால் விழித்துக்கொள்ளும். வரும் ஒவ்வொரு எச்சரிக்கைக்கும் அந்த இடத்தில் என்கோடிங்கை எழுதுங்கள். உங்கள் ஃபங்ஷனே என்கோடிங் ஆர்க்யுமெண்ட் வாங்கி உள்ளே ஓபனுக்கு அனுப்புவதாக இருந்தால், ஐஓ தொகுப்பின் “டெக்ஸ்ட்_என்கோடிங்” என்ற உதவி ஃபங்ஷனைப் பயன்படுத்துங்கள். அப்போதுதான் எச்சரிக்கை உங்கள் வரியைக் காட்டாமல் உங்களை அழைத்தவரின் வரியைக் காட்டும்.

இங்கே அதிகம் பேர் செய்யும் தவறு ஒன்று உண்டு. டீகோட் பிழை வருகிறது, என்கோடிங்கை லத்தீன்-1 (மேற்கு ஐரோப்பிய மொழிகளுக்கான பழைய என்கோடிங்) என்று மாற்றினால் பிழை போய்விடுகிறது, வேலை முடிந்தது என்று நினைக்கிறார்கள். லத்தீன்-1 எந்த பைட்டையும் மறுக்காது. 256 பைட்டுக்கும் அதில் ஒரு குறி உண்டு. அதனால் பிழை வராது, தரவுதான் கெடும். “அ” என்ற எழுத்து யூடிஎஃப்-8-இல் 224, 174, 133. லத்தீன்-1-இல் படித்தால் அது மூன்று அந்நியக் குறிகள். தமிழ் யூனிகோட் பகுதியின் எல்லாக் குறிகளுக்கும் முதல் பைட் 224, இரண்டாவது 174 அல்லது 175. எனவே ஒரு தரவுத்தளத்தில் ® குறியும் ¯ குறியும் மூன்றுக்கு ஒன்றாகத் திரும்பத் திரும்ப வந்தால், தமிழ் உரையை யாரோ லத்தீன்-1 ஆகவோ 1252 ஆகவோ படித்துச் சேமித்திருக்கிறார்கள் என்று உடனே சொல்லிவிடலாம். லத்தீன்-1 ஆகப் படித்ததென்றால் மறுபடி அதே என்கோடிங்கில் பைட்ஸாக்கி, யூடிஎஃப்-8 ஆக டீகோட் செய்தால் உரை முழுதாக மீண்டுவிடும்.

பழைய தமிழ்த் தரவு கையாளும் லைப்ரரி என்றால் இன்னொரு கவனம். டிஸ்கி போன்ற 8 பிட் குறியேற்றங்களில் எழுத்து, பார்வை வரிசையில் சேமிக்கப்பட்டிருக்கும். ஒற்றைக்கொம்பு மெய்யெழுத்துக்கு முன்னால் வரும். யூனிகோடில் அது மெய்க்குப் பின்னால் வர வேண்டும். பைட்டுக்கு பைட் மாற்றும் அட்டவணை போதாது, வரிசையையும் மாற்றும் நிரல் வேண்டும். பைத்தானோடு வரும் கோடெக்குகளில் டிஸ்கி கிடையாது. இதை உங்கள் லைப்ரரிக்குள் மறைத்துவைக்காமல் தனி மாற்றியாகக் கொடுப்பது நல்லது.

4. உள்ளே ஸ்ட்ரிங், ஓரத்தில் மட்டும் பைட்ஸ்

இப்போதுதான் நிரலைத் தொடுகிறோம், அதுவும் உள்பக்கம் மட்டும். வெளி இடைமுகம் பழையபடியே இருக்கட்டும். தரவு உள்ளே நுழையும் இடத்தில் ஒரு முறை டீகோட், வெளியேறும் இடத்தில் ஒரு முறை என்கோட், நடுவில் எல்லாம் ஸ்ட்ரிங் என்று மாற்றுங்கள். நடுவில் எங்காவது டீகோட் என்ற சொல் தென்பட்டால், ஓரத்தில் ஏதோ தவறிவிட்டது என்று பொருள். உள்பக்கத்தை முதலில் முடிப்பதன் பலன், வெளி இடைமுகத்தை மாற்றும்போது அது சில வரி வேலையாகச் சுருங்குவதுதான்.

இந்தப் படியில் ஒளிந்திருக்கும் பொறிகள் நிறைய.

துண்டு துண்டாக வாசித்தல். 4096 பைட் வாசித்து அதை டீகோட் செய்தால், துண்டின் விளிம்பு ஒரு எழுத்தின் நடுவில் விழலாம். தமிழில் ஒரு குறிக்கு 3 பைட் என்பதால் மூன்றில் இரண்டு விளிம்புகள் நடுவில்தான் விழும். ஆங்கிலத்தில் சோதித்தவருக்கு இது தெரியவே தெரியாது. கோடெக்ஸ் தொகுப்பின் இன்கிரிமெண்டல் டீகோடரைப் பயன்படுத்துங்கள். அது மீதி பைட்டுகளை வைத்துக்கொண்டு அடுத்த துண்டோடு சேர்க்கும். கடைசித் துண்டில் “ஃபைனல்” என்பதை உண்மை என்று கொடுக்க மறந்தால், ஃபைலின் இறுதியில் பாதியாக நிற்கும் எழுத்து சத்தமில்லாமல் மறைந்துவிடும். சோதிப்பது எளிது: “தமிழ்” என்ற 15 பைட்டை 1 முதல் 14 வரை ஒவ்வொரு இடத்திலும் வெட்டி, இரு துண்டாகக் கொடுத்து, விளைவு ஒன்றேதானா என்று பாருங்கள்.

வெட்டுதல். “முதல் 10 பைட்” என்று வெட்டிய நிரல் “தமிழ்” என்பதில் இகரக் குறி வரை 9 பைட்டும், ழகரத்தின் முதல் பைட் ஒன்றும் எடுக்கும். டீகோட் செய்தால் பிழை. அதையே ஸ்ட்ரிங்கில் “முதல் 2” என்று மாற்றினால் பிழை வராது, ஆனால் “தம” என்று வரும். மியின் கொக்கி போய்விடும். திரையில் காட்ட வெட்டுவதாக இருந்தால் பார்க்கும் எழுத்துக் கணக்கில் வெட்டுங்கள். ரீஜெக்ஸ் என்ற தனித் தொகுப்பில் அதற்குப் பெரிய எழுத்து எக்ஸ் பேட்டர்ன் உண்டு. பைட் வரம்பு நெட்வொர்க் விதியிலோ தரவுத்தளத்திலோ கட்டாயம் என்றால் பைட்ஸில் வெட்டி, வெட்டு விழுந்த இடத்திலுள்ள பைட் 128 முதல் 191-க்குள் இருக்கும் வரை பின்னால் நகருங்கள். அந்த எல்லைக்குள் இருப்பது ஒரு எழுத்தின் நடுப்பகுதி. ஆரக்கிளில் வார்சார்2 நெடுவரிசை இயல்பாகவே பைட் கணக்கில்தான் இருக்கும். 100 என்று அறிவித்த இடத்தில் 33 தமிழ்க் குறிகள்தான் அடங்கும்.

ரெகுலர் எக்ஸ்பிரஷன். பைட்ஸ் பேட்டர்னை ஸ்ட்ரிங் பேட்டர்னாக மாற்றும்போது அதன் பொருளே மாறும். பின்சாய்கோடு டபிள்யூ என்பது பைட்ஸில் ஆஸ்கி எழுத்துகள் மட்டும். ஸ்ட்ரிங்கில் யூனிகோட் எழுத்துகள் எல்லாம், ஆனால் தமிழின் உயிர்க்குறிகளும் புள்ளியும் அதில் சேராது. ஆகவே பைத்தானோடு வரும் தொகுப்பில் “தமிழ்” என்பதைச் சொல்லாகப் பிரிக்கச் சொன்னால் “தம”, “ழ” என்று இரண்டாக வரும். இடைவெளியை வைத்துப் பிரிப்பதோ, தமிழ்ப் பகுதியை எல்லையாகக் கொடுப்பதோ நல்லது. இதற்கு மறுபக்கமும் உண்டு. பின்சாய்கோடு டி என்பது ஸ்ட்ரிங்கில் ௧, ௨ போன்ற தமிழ் எண்களையும் ஏற்கும். கணக்கு எண், தொலைபேசி எண் சரிபார்க்கும் இடங்களில் 0 முதல் 9 வரை என்று வெளிப்படையாக எழுதுங்கள்.

இருப்பிடக் கணக்கு. பைட் ஆஃப்செட்டை ஃபைலில் சேமித்து, பிறகு அந்த இடத்துக்குத் தாவும் நிரல் இருந்தால், அந்த ஃபைலை பைனரியாகவே திறங்கள். உரையாகத் திறந்த ஃபைலில், இருப்பிடம் சொல்லும் டெல் மெத்தட் தரும் எண் பைட் எண்ணிக்கை என்று நம்பக் கூடாது. எடுத்த துண்டை மட்டும் டீகோட் செய்துகொள்ளுங்கள்.

ஃபைல் பெயர். ஓஎஸ் தொகுப்பின் எஃப்எஸ்டீகோட், எஃப்எஸ்என்கோட் இரண்டையும் பயன்படுத்துங்கள். லினக்ஸில் இவை சர்ரகேட் எஸ்கேப் முறையில் இயங்கும். டீகோட் ஆகாத பைட் 56448 முதல் 56575 வரையுள்ள ஒரு தற்காலிக எண்ணாக மாறி நிற்கும், திரும்ப என்கோட் செய்யும்போது அதே பைட் கிடைக்கும். ஃபைலைத் திறக்க அந்தப் பெயர் சரியாக உதவும். ஆனால் அதை அப்படியே பிரிண்ட் செய்தாலோ ஜேசானில் எழுதி யூடிஎஃப்-8 ஆக்கினாலோ பிழை வரலாம். பயனருக்குக் காட்டும் முன் “ரிப்ளேஸ்” முறையில் ஒரு நகலைத் தயாரித்துக் காட்டுங்கள். அந்த நகலை வைத்து ஃபைலைத் திறக்க முயலாதீர்கள்.

டபிள்யூஎஸ்ஜிஐ, அதாவது வெப் சர்வரும் பைத்தான் நிரலும் பேசிக்கொள்ளும் இடைமுகம். பெப் 3333 சொல்வதன்படி, சர்வர் தரும் பாதை ஸ்ட்ரிங் வகையில் இருந்தாலும் லத்தீன்-1 ஆக டீகோட் செய்யப்பட்டது. தமிழ்ப் பாதை வேண்டுமானால் அதை லத்தீன்-1 ஆக என்கோட் செய்து, யூடிஎஃப்-8 ஆக டீகோட் செய்ய வேண்டும். ஸ்ட்ரிங்காக வந்துவிட்டது, வேலை முடிந்தது என்று எண்ணி இதை விட்டுவிடுபவர்கள் அதிகம்.

பிஓஎம். யூடிஎஃப்-8 என்று மட்டும் கொடுத்து வாசித்தால் முதல் நெடுவரிசையின் பெயருக்கு முன் கண்ணுக்குத் தெரியாத ஒரு குறி ஒட்டிக்கொள்ளும். பெயரைத் தேடினால் கிடைக்காது. வாசிக்கும்போது “யூடிஎஃப்-8-சிக்” கொடுங்கள். குறி இருந்தால் நீக்கும், இல்லாவிட்டால் சாதாரணமாக வாசிக்கும். எழுதும்போது அதே பெயர் குறியைச் சேர்த்துவிடும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

நார்மலைசேஷன். டிக்ஷனரி சாவியாகவோ ஒப்பீட்டுக்கோ பயன்படும் உரையை யூனிகோட்டேட்டா தொகுப்பில் என்எஃப்சி என்ற, பிரிந்த குறிகளைச் சேர்த்தெழுதும் வடிவத்துக்குக் கொண்டுவாருங்கள். “கொ”வின் இரண்டு வடிவமும் ஒன்றாகும். ஆனால் ஃபைல் பெயருக்கும், கையொப்பமிட்ட உரைக்கும் இதைச் செய்யக் கூடாது. அங்கே ஒரு பைட் மாறினாலும் அது வேறு பொருள்.

5. புதிய கதவைத் திறங்கள்

உள்பக்கம் முடிந்த பிறகு, ஸ்ட்ரிங் இடைமுகத்தை வெளியிடுங்கள். இந்தப் பதிப்பில் எந்த எச்சரிக்கையும் வேண்டாம்.

உள்ளீடு சுலபம். பழைய ஃபங்ஷனே ஸ்ட்ரிங்கையும் ஏற்கட்டும். பைட்ஸ் வந்தால் ஓரத்திலேயே டீகோட் செய்து, பிறகு ஒரே வழியில் போகட்டும். வகையைச் சோதிக்கும்போது பைட்ஸை மட்டும் பார்த்தால் போதாது. பைட்அரே, மெமரிவியூ இரண்டும் வரும். மெமரிவியூவுக்கு டீகோட் மெத்தடே கிடையாது. ஸ்ட்ரிங் கன்ஸ்ட்ரக்டருக்குப் பொருளையும் என்கோடிங்கையும் சேர்த்துக் கொடுத்தால் மூன்றும் வேலை செய்யும். அதே கன்ஸ்ட்ரக்டருக்கு என்கோடிங் கொடுக்க மறந்தால் டீகோட் நடக்காது. பி என்ற முன்னொட்டும் மேற்கோள் குறிகளும் சேர்ந்த ஒரு ஸ்ட்ரிங் வரும். அது பிழையில்லாமல் தரவுத்தளம் வரை போய் உட்கார்ந்துவிடும்.

திருப்பித் தரும் மதிப்பு கடினம். ஒரு ஃபங்ஷன் பைட்ஸ் தந்துகொண்டிருந்தால், அதே பெயரில் ஒரு நாள் திடீரென்று ஸ்ட்ரிங் தரக் கூடாது. வாங்கியவர் அதை என்ன செய்கிறார் என்று உங்களுக்குத் தெரியாது, எச்சரிக்கை கொடுக்கவும் வழியில்லை. பைட்ஸில் ஒரு இடத்தை எடுத்தால் எண் வரும், ஸ்ட்ரிங்கில் எழுத்து வரும். டிக்ஷனரியில் பைட்ஸ் சாவியும் ஸ்ட்ரிங் சாவியும் ஒருபோதும் பொருந்தா, பிழையும் வராது, “இல்லை” என்ற பதில்தான் வரும். எனவே புதிய பெயரில் புதிய ஃபங்ஷன் கொடுங்கள்.

பெயரே வகையைச் சொல்லட்டும். பைத்தானின் அரே வகையில் “டுஸ்ட்ரிங்” என்ற மெத்தட் உண்மையில் பைட்ஸைத்தான் தந்தது. 3.2-இல் “டுபைட்ஸ்” என்ற சரியான பெயரைக் கொடுத்து, பழையதை டெப்ரிகேட் செய்து, 3.9-இல்தான் நீக்கினார்கள். பேஸ்64 தொகுப்பின் “என்கோட்ஸ்ட்ரிங்” 3.1-இல் டெப்ரிகேட் ஆகி அதே 3.9-இல் போனது.

பயனர்கள் உங்கள் கிளாஸை நீட்டித்து ஒரு மெத்தடை மாற்றி எழுதுவதாக இருந்தால், அந்த மெத்தடுக்கும் புதிய பெயர் வேண்டும். பழைய பெயரை யாராவது மாற்றி எழுதியிருந்தால் அவர்களுக்கு பைட்ஸையே அனுப்புங்கள். இதை மறந்தால் அவர்கள் எதையும் மாற்றாமலே அவர்களது நிரல் உடையும்.

6. எச்சரிக்கை: சரியான இடத்தில், சரியான சொற்களில்

புதிய வழி வெளியாகிக் குறைந்தது ஒரு பதிப்பு ஆன பிறகு டெப்ரிகேஷன் வார்னிங்கைச் சேருங்கள்.

எச்சரிக்கை யாருடைய வரியைக் காட்ட வேண்டும் என்று சொல்லும் ஸ்டாக்லெவல் என்பதை 2 என்று கொடுப்பதை மறக்காதீர்கள். கொடுக்காவிட்டால் எச்சரிக்கை உங்கள் லைப்ரரியின் வரியில் எழுந்ததாகப் பதிவாகும். பைத்தான் 3.7 முதல், பிரதான ஃபைலில் எழும் டெப்ரிகேஷன் வார்னிங் மட்டுமே இயல்பாகத் தெரியும். உங்கள் வரியில் எழுந்தது யார் கண்ணிலும் படாது. எச்சரிக்கையை ஒரு உதவி ஃபங்ஷனுக்குள் வைத்திருந்தால் அந்த எண் 3 ஆக வேண்டும்.

சொற்களில் நான்கு விஷயம் இருக்கட்டும்: எந்த ஃபங்ஷனின் எந்த ஆர்க்யுமெண்ட், என்ன வகை வந்தது, பதிலுக்கு என்ன எழுத வேண்டும், எந்தப் பதிப்பில் பிழையாகும். “பைட்ஸ் இனி ஆதரிக்கப்படாது” என்று மட்டும் எழுதினால் பயனர் ஆவணத்தைத் தேடி அலைவார். வந்த மதிப்பை எச்சரிக்கையில் அச்சிடாதீர்கள், அது கடவுச்சொல்லாக இருக்கலாம்.

டைப் செக்கர் வழியாகவும் சொல்லுங்கள். ஓவர்லோட் வழியாக ஸ்ட்ரிங்குக்கு ஒரு வடிவம், பைட்ஸுக்கு ஒரு வடிவம் என்று எழுதி, பைட்ஸ் வடிவத்துக்கு மட்டும் “டெப்ரிகேட்டட்” டெகரேட்டரைப் போடுங்கள். இது பெப் 702 வழியாக 3.13-இல் வந்தது, பழைய பதிப்புகளுக்கு டைப்பிங் எக்ஸ்டென்ஷன்ஸ் தொகுப்பில் கிடைக்கும். பைட்ஸ் கொடுத்த வரியில் மட்டும் எடிட்டரில் கோடு விழும். ஆனால் ஓவர்லோடில் போட்ட டெகரேட்டர் நிரல் ஓடும்போது எதையும் எழுப்பாது. உண்மையான ஃபங்ஷனுக்குள் எச்சரிக்கையைத் தனியாக எழுதியே ஆக வேண்டும்.

7. உங்கள் வீட்டை முதலில் சுத்தம் செய்யுங்கள்

டெஸ்டுகளை இரண்டு கொடிகளோடு ஓட்டுங்கள். டெப்ரிகேஷன் வார்னிங்கைப் பிழையாக மாற்றும் கொடி ஒன்று. லைப்ரரியே தன் பழைய வழியை உள்ளுக்குள் அழைத்துக்கொண்டிருந்தால், பயனருக்குத் தன்னால் சரிசெய்ய முடியாத எச்சரிக்கை வரும். அதை இது பிடிக்கும். இரண்டாவது, சிறிய எழுத்து பி. ஒரு பி கொடுத்தால், பைட்ஸை என்கோடிங் இல்லாமல் ஸ்ட்ரிங்காக்கும் இடங்களிலும், பைட்ஸை ஸ்ட்ரிங்கோடு ஒப்பிடும் இடங்களிலும் எச்சரிக்கை வரும். இரண்டு பி கொடுத்தால் பிழையாகவே நிற்கும்.

எச்சரிக்கை எழுகிறதா என்பதற்கும் டெஸ்ட் எழுதுங்கள். பைடெஸ்ட் என்ற சோதனைக் கருவியின் வார்ன்ஸ் வசதியில் எச்சரிக்கை பதிவான ஃபைல் பெயரையும் பார்க்க முடியும். அது டெஸ்ட் ஃபைலின் பெயராக இருந்தால் ஸ்டாக்லெவல் சரி. ஸ்ட்ரிங் கொடுத்தால் எந்த எச்சரிக்கையும் எழக் கூடாது என்பதற்கும் ஒரு டெஸ்ட் வேண்டும். இதை விட்டுவிட்டு, சரியாக மாறியவர்களையும் தொந்தரவு செய்யும் லைப்ரரிகள் உண்டு.

8. பிழையாக்குதலும் நீக்குதலும்

எவ்வளவு காலம் காத்திருப்பது? பைத்தானின் சொந்தக் கொள்கையான பெப் 387 குறைந்தது இரண்டு பதிப்புகள் எச்சரிக்கை தரச் சொல்கிறது. நீக்கும் வசதி அடித்தளத்தில் ஆழமாகப் பதிந்திருந்தால் இன்னும் நீளும். சி மொழி இடைமுகத்தில் இருந்த பழைய பை யூனிகோட் வடிவம் 3.3-இல் டெப்ரிகேட் ஆகி, 3.12-இல்தான் முழுதாக அகற்றப்பட்டது. 2012 முதல் 2023 வரை. உங்கள் லைப்ரரியை இன்னொரு லைப்ரரி பயன்படுத்துகிறது என்றால், அவர்கள் மாறி வெளியிட்ட பிறகுதான் அவர்களது பயனர்கள் மாற முடியும். அந்தச் சங்கிலிக்கும் நேரம் விடுங்கள்.

இந்தக் காலம் முழுவதும், ஒரே நிரல் உங்கள் பழைய பதிப்பிலும் புதிய பதிப்பிலும் ஓட ஒரு எழுத்துமுறையாவது இருக்க வேண்டும். பைத்தான் 3.0-இல், யூனிகோட் ஸ்ட்ரிங்குக்கு முன் எழுதும் யூ முன்னொட்டை நீக்கினார்கள். 2-இலும் 3-இலும் ஓட வேண்டிய நிரல்களுக்கு அது பெரும் தடையானதால், பெப் 414 வழியாக 3.3-இல் திரும்பக் கொண்டுவந்தார்கள். பைட்ஸில் சதவீதக் குறி ஃபார்மேட்டிங்கும் அப்படியே. நெட்வொர்க் நெறிமுறை எழுதுபவர்களுக்கு அது தேவை என்று தெரிந்து பெப் 461 வழியாக 3.5-இல் திரும்பியது. உங்களிடமும் இப்படி நியாயமான முறையீடு வந்தால், நீக்கத்தைத் தள்ளிப்போடத் தயங்காதீர்கள்.

நீக்கும் நாள் வந்ததும் பைட்ஸைக் கையாளும் கிளையை அழித்துவிட்டு அப்படியே விட்டுவிடாதீர்கள். ஸ்ப்ளிட், ஸ்ட்ரிப், ஃபைண்ட் எல்லாம் பைட்ஸிலும் உண்டு. அதனால் நிரல் பாதி தூரம் ஓடி, எங்கோ தொலைவில் சம்பந்தமில்லாத பிழை தரும். ஃபங்ஷனின் வாசலிலேயே வகையைச் சோதித்து, டைப் எரர் எழுப்பி, “இந்தப் பதிப்பு முதல் ஸ்ட்ரிங் மட்டும், யூடிஎஃப்-8 ஆக டீகோட் செய்து கொடுங்கள்” என்று எழுதுங்கள். இந்தச் சோதனையைக் குறைந்தது இன்னொரு பெரிய பதிப்பு வரை வைத்திருங்கள்.

என்கோடிங் என்ற ஆர்க்யுமெண்ட் இனி பயனற்றதாகிவிட்டால், அதை வாங்கிக்கொண்டு பேசாமல் இருப்பதைவிட எச்சரித்து நீக்குவது நல்லது. ஜேசான் லோட்ஸில் இருந்த என்கோடிங் ஆர்க்யுமெண்ட் 3.1 முதல் எந்த வேலையும் செய்யாமல் கிடந்து 3.9-இல்தான் போனது. அதுவரை அதைக் கொடுத்தவர்கள், அது வேலை செய்கிறது என்றே நம்பியிருக்க முடியும்.

பழைய பைட்ஸ் ஃபங்ஷனை நீக்கிய பிறகு, அந்தப் பெயரை ஸ்ட்ரிங் தரும் ஃபங்ஷனுக்கு உடனே சூட்டாதீர்கள். பெயர் அழகாக இருக்கும்தான். ஆனால் இடையிலுள்ள பதிப்புகளைத் தாண்டி நேராகப் புதியதற்கு வரும் பயனருக்கு, “இந்தப் பெயர் இல்லை” என்ற தெளிவான பிழை வர வேண்டிய இடத்தில் வகை மாறிய மதிப்பு போய்ச் சேரும். மாற்றக் குறிப்பில் பழைய பெயர், புதிய பெயர், நீக்கிய பதிப்பு மூன்றையும் ஒரே வரியில் எழுதுங்கள். தேடி வருபவர் பழைய பெயரை வைத்துத்தான் தேடுவார்.